ஒரு கையெழுத்துக் குறையுது

முப்பத்துநாலு வருடம் ஒரு யன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நான். பல்கலைக்கழகமொன்றின் மாணவர் நலன்புரிப் பகுதி. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். அந்த யன்னல் எங்கே போனாலும் ஒரே மாதிரித்தான். கம்பி போட்டிருக்கும். கீழே பத்திரம் தள்ளுவதற்கு ஒரு சாண் இடைவெளி. மேலே மதிய இடைவேளை நேரத்தை எழுதி எப்போதோ ஒட்டிய ஒரு தாள். அந்தத் தாள் என் கண்மட்டத்தில் இருந்ததால் வெளியே நிற்கிற பிள்ளையின் கைதான் எனக்குத் தெரியும். முகம் பார்க்கவேண்டுமென்றால் குனியவேண்டும். வேலையில் நான் முதலில் பழகியதும் பிறகு அடிக்கடி மறந்ததும் அந்தக் குனிவுதான்.

இளைப்பாறியபின் கந்தளாய்க்குத் திரும்பி வந்துவிட்டேன். வெட்டுப்புள்ளி வெளியாகிற நாட்களில் என் வீட்டு விறாந்தைக்குப் பிள்ளைகள் வருவார்கள். "மிஸ், கம்பஸ் கிடைச்சிருக்கு, இந்தப் போமை ஒருக்காப் பார்த்துத் தாங்கோ" என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள், பேராற்றுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள், குளக்கட்டுப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். போம் நிரப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, அவர்களே நிரப்புவார்கள். ஆனாலும் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முப்பத்துநாலு வருடமும் எனக்கிருந்த வேலை. சம்பளம் மட்டும் போம் பார்ப்பதற்கு.

இந்த வேலை எனக்கு எப்படி வந்ததென்று சொன்னால் வெள்ளத்திலிருந்து தொடங்கவேண்டும். கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20ஆம் திகதி. ஊர் நித்திரையாயிருந்த நேரம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குச் சீனித் தொழிற்சாலையில் வேலை. அன்று நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கடதாசியைப் பற்றி எழுதுகிறேன். தண்ணீர் வடிந்து நாலைந்து நாளில் தப்பியவர்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை, காணிப் பெர்மிட் இல்லை, பிள்ளையின் சாதாரணதரச் சான்றிதழ் இல்லை. நிவாரணத்துக்குப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்தை எடுக்க இன்னொரு பத்திரம் வேண்டும். ஏ.எல். படித்தவள், சிங்களமும் ஓரளவு எழுதுவாள் என்று என் கையில் பேனையைத் தந்துவிட்டார்கள். இரண்டு மாதம் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதங்களைக் கொண்டு திருகோணமலைக் கச்சேரிக்குப் போய்வருகையில் அங்கே ஒரு வயதான கிளாக்கர் ஐயா பழக்கமானார். நான் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பிள்ளை, ஆள் வந்து சொன்னதை அப்பிடியே எழுதியிருக்கிறாய். சனம் முதல்ல கேக்கிறது தங்களுக்குத் தேவையானதை இல்ல. கேக்க வெக்கப்படாததைத்தான் முதல்ல கேக்கும். மற்றதை நீதான் விசாரிச்சு எழுதோணும்." அந்தக் கடிதத்தை எழுதுவித்த மனிசி கேட்டது அடையாள அட்டைப் பிரதி. விசாரித்துப் பார்த்தால் வீட்டில் ஐந்து நாளாகக் கைக்குழந்தைக்குப் பால்மா இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990இல். கலவர காலத்தில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் பூட்டியிருந்த பல்கலைக்கழகங்கள் திரும்பத் திறந்த நேரம். மூன்று நாலு வருடமாக வீட்டில் காத்திருந்த பிள்ளைகள் ஒரே கூட்டமாக வந்தார்கள். சிலருக்குத் தாடி முளைத்திருந்தது. ஒருவர் பிள்ளையோடு வந்தார். அவர்களுக்கு நாங்கள் 'புதுமுக மாணவர்' என்று பெயர் வைத்து வரிசையில் விட்டோம்.

*

இந்த நாட்டில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவது எப்படி என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையில். மிச்சம் ஐந்து, கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. இதெல்லாம் கணக்கு. யன்னலில் நிற்கும்போது அந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொழும்பில் மூன்று ரியூசன் மாஸ்டர்மார். மற்றதுக்குப் பௌதிகத்துக்கு ஆசிரியரே இல்லை, பழைய வினாத்தாளை வைத்துத் தானே படித்தது. முதல் நாள் இரண்டும் ஒரே வெள்ளைச் சட்டையில் நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. மூன்றாம் கிழமை தெரியும். "உங்கட ஆக்கள் கோட்டாவில வந்தவை" என்று ஒரு விரிவுரையாளர் என் முகத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். பௌதிக ஆசிரியர் இல்லாமல் அந்த இசட் புள்ளியை எடுத்த பிள்ளைக்குத் தலையில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவர் ஒருநாளாவது யோசித்திருப்பாரோ என்னவோ.

1990இல் எங்கள் மாவட்டத்தில் பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வந்து, 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமானது. நிலாவெளி வீதியில் கோணேசபுரி. அதற்கு முன்பு கந்தளாய்ப் பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, மாத்தறை என்று எங்கேயாவது தூரத்துக்குத்தான் பஸ் ஏறவேண்டும். இப்போதும் பாதிப்பேர் அப்படித்தான் போகிறார்கள்.

அதனால் யன்னலில் நான் கேட்கிற முதற்கேள்வி பஸ்ஸைப் பற்றியது. "எத்தினை மணி பஸ்ஸில வந்தனீங்கள்?" வேறு எந்தக் கேள்வி கேட்டாலும் "ஓம் மிஸ், இல்ல மிஸ், பிரச்சினை இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் பிள்ளை பொய் சொல்லாது. "நேற்று இரவு" என்றால் இரவு எங்கே படுத்தது என்று கேட்கலாம். பஸ் ஸ்ராண்ட் வாங்கில் என்பார்கள், கோயில் மடம் என்பார்கள். "அப்பா கொண்டுவந்து விட்டவர்" என்றால் அப்பா வெளியே மரத்தடியில் நிற்கிறார் என்று அர்த்தம். கூப்பிட்டு ஒரு தேத்தண்ணீர் கொடுத்தால் மகள் நாலு வருடத்திலும் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். "எங்கட ஊர் அண்ணா ஒருத்தர் பஸ் ஸ்ராண்டுக்கு வந்து கூட்டிவந்தவர், அவரே போம் எல்லாம் நிரப்பித் தந்தவர்" என்று ஒரு பிள்ளை முகம் மலரச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஊர் அண்ணாமார் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பகிடிவதை பெரும்பாலும் அந்த உதவியில் இருந்துதான் தொடங்கும். பெட்டியைத் தூக்கித் தந்தவன் அடுத்த கிழமை "நான் சொன்னா நீ கேக்கமாட்டியா?" என்பான்.

போம் பார்ப்பதிலும் ஒரு வாசிப்பு இருக்கிறது. மகாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கியது. அதற்கும் உதவுதொகைக்கும் வருமான விபரம் கேட்பார்கள். கிராம சேவகரின் கையெழுத்து, பிரதேச செயலகத்தின் உறுதி. அதில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் நான் பேனையைக் கீழே வைத்துவிடுவேன். தகப்பன் இறந்திருந்தால் பிள்ளை எழுதும். விட்டுவிட்டுப் போயிருந்தால் 'கூலி' என்று எதையாவது எழுதும். வெறுமையாக விடுவது மூன்றாம் வகை. யுத்தத்துக்குப் பிறகு வந்த பிள்ளைகளிடம் அந்த வெறும் கட்டத்தை அடிக்கடி கண்டேன். ஆள் காணாமற்போய்ப் பத்து, பதினைந்து வருடம். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம், அம்மா எடுக்கமாட்டா. எடுத்தால் செத்துப்போனார் என்று அவவே கையெழுத்துப் போட்ட மாதிரி. 2016இல் சட்டம் திருத்தி, ஆள் காணாமற்போனதை மட்டும் உறுதிப்படுத்துகிற ஒரு சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அந்தப் பிள்ளைகளின் போம் எல்லாம் என் மேசையில் கிடந்து வாடும். 'உரிய ஆவணம் இல்லை' என்று திருப்பி அனுப்பச் சொல்லித்தான் விதி. நான் கிராம சேவகருக்குக் கடிதம் எழுதுவேன், செயலகத்துக்கு எழுதுவேன், அவர்கள் பதில் எழுதுவார்கள், கோவை தடிக்கும். கோவை தடித்தால் நிராகரிக்கப் பயப்படுவார்கள். இதுவும் அந்தக் கச்சேரி ஐயா சொல்லித்தந்த சூத்திரம்தான்.

*

வழிகாட்டி ஆசிரியர் முறை என்று ஒன்று எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் பதினைந்து, இருபது புதுப் பிள்ளைகள். பட்டியல் போடுவது எங்கள் பகுதி. பதிவிலக்க வரிசையில் வெட்டி வெட்டிப் போடுவோம். முதற் கிழமை எல்லோரும் கூட்டமாகப் போய்ப் பெயர் சொல்லிவிட்டு வருவார்கள். "எந்தப் பிரச்சினை எண்டாலும் வந்து கதையுங்கோ, என்ர கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்பார்கள் விரிவுரையாளர்கள். உண்மையாகத்தான் சொல்வார்கள். ஆனால் வருட முடிவில் சந்திப்புப் பதிவேட்டைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் தரம் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்த முறையின் தொடக்கம் பேராதனை. ஐவர் ஜெனிங்ஸ் 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, சாப்பாட்டு மேசையிலும் படிப்பிக்கிற பல்கலைக்கழகம் ஒன்று அவர் மனதில் இருந்தது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போனபோது விடுதிகளையும் விடுதிக் காப்பாளர்களையும் அந்த எண்ணத்தோடுதான் அமைத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் அந்த மேசையில் இருந்து கதைக்கப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், கரண்டியும் முள்ளும் பிடிக்கத் தெரியவேண்டும். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்து, 1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத் தொடங்கியபின் வந்த பிள்ளைகள் வேறு ஆட்கள். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள். அவர்கள் சேரோடு சாப்பிட வரமாட்டார்கள். சேர் கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கதவடியில் நடப்பதற்கே பயந்து மற்றப் பக்கத்துப் படியால் இறங்குவார்கள். பிள்ளைகள் மாறிவிட்டார்கள், முறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கணிதத்துறையில் ஒரு சேர் இருந்தார். பெரிதாகக் கதைக்காத மனிதர். அவருடைய பதிவேட்டில் மட்டும் இரண்டாம் சந்திப்பு, மூன்றாம் சந்திப்பு எல்லாம் நிரம்பியிருக்கும். கள்ளக் கையெழுத்தோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் கோவை ஒன்றோடு அவருடைய அறைக்குப் போனபோது பார்த்தால் மூலையில் ஏழெட்டுப் பழைய குடை, அலுமாரியில் கல்குலேற்றர், அகராதி, ஒரு மேசை விளக்கு, இரண்டு அலாரம் மணிக்கூடு. "என்ன சேர், கடை போடப் போறீங்களோ?" என்றேன். சிரித்துக்கொண்டு ஒரு சீ.ஆர். கொப்பியைக் காட்டினார். எந்தப் பிள்ளைக்கு என்ன இரவல் கொடுத்தது என்று திகதியோடு எழுதியிருந்தார். முதற்சந்திப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதையாவது இரவல் கொடுத்துவிடுவாராம். மழை இல்லாவிட்டாலும் குடை.

"சும்மா வாங்கோ எண்டா ஒருத்தரும் வராயினம், மிஸ். இரவல் வாங்கினதைத் திருப்பிக் குடுக்காட்டி எங்கட பிள்ளையளுக்கு நித்திரை வராது. அதைக் குடுக்க வரேக்க ரெண்டு வார்த்தை கதைக்கலாம்."

"அப்ப திருப்பிக் கொண்டு வராதவை?"

"அவையளைத்தான் தேடிப் போகோணும். கொப்பி அதுக்குத்தான்."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. முதற்தரம் பிள்ளை வருவது சட்டத்துக்காக. இரண்டாம் தரம் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், மானம் போகாத ஒரு காரணம். 'எனக்குக் கஷ்டம்' என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் படியேறாது. 'குடை குடுக்க வந்தனான்' என்று சொல்லி ஏறலாம்.

என்னிடம் குடை இல்லை, போம்தான் இருந்தது. நான் அதை வைத்து விளையாடத் தொடங்கினேன். எந்தப் பிள்ளையின் முகமாவது சரியில்லை என்று பட்டால் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுக்கமாட்டேன். "மகள், இதில ஒரு கையெழுத்துக் குறையுது, வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ, ஆக்கள் குறைவு." கையெழுத்து ஒன்றும் குறைந்திருக்காது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரிசை இருக்காது, உள்ளே கதிரையில் இருத்தலாம். ஏழெட்டு வருடம் இப்படிச் செய்தேன். நான் ஒரு கெட்டிக்காரி என்ற நினைப்பும் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பொடியன் சட்டை முழுக்க நனைந்து வியர்வையோடு வந்தான். விடுதி கிடைக்காமல் வெளியில் அறை எடுத்திருந்தவன், ஆறு மைல். பஸ் காசு இல்லாமல் நடந்தே வந்திருக்கிறான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் உதவுதொகை போய்விடும் என்று நினைத்திருக்கிறான், நான் அப்படித்தானே சொன்னேன். மூன்று நாள் நித்திரையில்லை என்றான். எனக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. போமை எடுத்து, குறையாத கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தை ஒரு சும்மாக் கையெழுத்தாகப் போட்டு, "எல்லாம் சரி, மகன்" என்று அனுப்பினேன். உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போம் விளையாட்டை விட்டுவிட்டேன். குடை இரவல் வாங்கினவனுக்குக் கையில் குடை இருந்தது. என்னிடம் வந்தவன் கையில் நான் பயத்தைத்தான் கொடுத்தனுப்பினேன்.

*

கல்யாணம் கட்டாதவள் என்றபடியால் ஐந்து வருடம் பெண்கள் விடுதியில் பதில் உப விடுதிக் காப்பாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. பகல் யன்னல், இரவு விடுதி.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து விடுதி வாசலில் மாட்டியிருந்தோம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. பேராதனையில் 1975இல் ரூபா ரத்னசீலி என்ற பிள்ளை சித்திரவதைக்குப் பயந்து இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து முடமானாள். 1997இல் அங்கே பொறியியற்பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற மாணவன் உயிரையே விட்டான். இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் வாசலில் அந்தச் சட்டத்துக்குக் கீழேயே நின்றுதான் பிள்ளைகள் ஒரே மாதிரி இரட்டைப் பின்னலும் நீளப் பாவாடையும் றப்பர்ச் செருப்புமாக வரிசையில் போவார்கள். "என்ன மகள், எல்லாரும் சொல்லி வைச்ச மாதிரி?" என்று கேட்டால் "எங்களுக்கு இதுதான் விருப்பம், மிஸ்."

முறைப்பாடு எழுதித் தா என்றால் தரமாட்டார்கள். தந்தால் நாலு வருடம் பட்சில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள் என்று பயம், அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. நான் செய்தது ஒன்றுதான். விடுதியில் வேலை செய்கிற ஒரேயொரு ஸ்திரிக்கைப் பெட்டியை என் அறையில் வைத்துக்கொண்டேன். மற்றது பழுது என்று எழுதிவைத்தேன், அதுவும் உண்மைதான். சீனியர்மாரின் உடுப்பை ஸ்திரிக்கை போடவேண்டியது ஜூனியர் பிள்ளைகள். விடுதிக் காப்பாளரோடு கதைக்கக்கூடாது என்று கட்டளை போடுகிறவர்களுக்கும் மடிப்புக் கலையாத சட்டை வேண்டும். ஆகவே இரவு எட்டரைக்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருத்தராக உடுப்போடு வருவார்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், எண்ணுவேன். ஒரு பிள்ளை தன்னுடைய இரண்டு சட்டையோடு வந்தால் சரி. தன் அளவில்லாத ஆறு பிளவுசோடு வந்தால் அது எந்த அறையின் உடுப்பு என்று எனக்குத் தெரியும். அந்த அறைச் சீனியர் அடுத்தநாள் ஏதோ ஒரு சாட்டில் என் அறைக்கு வரவேண்டியிருக்கும். ஆறாவது பிளவுஸ் நடக்கிறபோது பிள்ளை தானாகவே கதைக்கத் தொடங்கும். ஸ்திரிக்கைப் பெட்டி கையில் இருந்தால் முகத்தைப் பார்க்காமல் கதைக்கலாம். அழுதாலும் ஆவி என்று சொல்லலாம்.

பகிடிவதை அதனால் நின்றுவிடவில்லை. இரண்டு பிள்ளைகள் விலகிப் போகாமல் நின்றார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

2011இல் புதுமுகங்களை வளாகத்துக்கு வருமுன் மூன்று கிழமை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாக நடை பயின்று வந்தார்கள். வந்த அன்றே என்னுடைய யன்னலில் நின்று, கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டார்கள். 2020இல் எல்லாம் சூமுக்குள் போனது. கையும் தெரியாது முகமும் தெரியாது, கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும். அந்த இரண்டு வருடத்துப் பிள்ளைகளை எனக்கு இன்றைக்கும் தெருவில் கண்டால் அடையாளம் தெரியாது.

*

விலகுகிறவர்களுக்கும் ஒரு போம் உண்டு. அதில் 'காரணம்' என்ற இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதுவார்கள். நாங்களும் அப்படியே பதிந்துவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கந்தளாயில் ஒரு அரிசி ஆலைக்குப் போனேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள் எழும்பி நின்றார். "மிஸ், என்னைத் தெரியுதா?" தெரியவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிக விஞ்ஞானத்துக்கு வந்து ஐந்தாம் கிழமை விலகியவராம். பதினொரு வருடம். கதிரை போட்டு பிளேன்ரீ வாங்கித் தந்தார். தயங்கித் தயங்கி ஏன் என்று கேட்டேன்.

"லெக்சர் விளங்கேல்ல, மிஸ். எல்லாம் இங்கிலிஷ். எனக்கு மட்டும்தான் விளங்கேல்ல எண்டு நினைச்சன். முன் வாங்கில ஒரு பிள்ளை எல்லாத்துக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தது."

அந்தப் பிள்ளை யாரென்று கேட்டேன். பெயரைச் சொன்னார். எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பாடத்தையே இரண்டு தரம் ரிப்பீட் எழுதிய பிள்ளை. ஒவ்வொரு தரமும் விண்ணப்பத்தோடு என் யன்னலுக்குத்தான் வந்தது. அதற்கும் விளங்கவில்லை. விளங்காததை மறைக்கத்தான் தலையாட்டியது. அவருக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அரிசியைக் கையில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போறதுக்கு முதல் ஒருக்கா உங்களிட்ட வந்தனான், மிஸ்."

"என்னட்டயா? என்ன கேட்டனீங்கள்?"

"லைபிரரி எத்தினை மணிக்குப் பூட்டும் எண்டு."

"நான் என்ன சொன்னன்?"

"அஞ்சு மணி எண்டு சொன்னீங்கள்."

அதைக் கேட்பதற்கு அவர் நலன்புரிப் பகுதிக்கு வரவேண்டியதில்லை. நூலக வாசலிலேயே நேரம் எழுதியிருக்கிறது. கச்சேரி ஐயா சொன்ன அதே விசயம், கேட்க வெட்கப்படாத கேள்வி. அன்று நான் குனியவில்லை. கையைத்தான் பார்த்திருப்பேன். 'அஞ்சு மணி' என்று சொல்லிவிட்டு அடுத்த போமை இழுத்திருப்பேன். அது மகாபொலப் பட்டியல் அனுப்புகிற கிழமை, வேலை தலைக்கு மேல் என்று எனக்குள்ளே காரணம் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

*

இப்போது விறாந்தையில் யன்னல் இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு பிரம்புக் கதிரை. வருகிறவர்களின் கேள்விகளும் கொஞ்சம் மாறிவிட்டன. மகாபொல 2025இல் ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு ஆனது நல்லதுதான். கொழும்பில் ஓர் அறைக்கு அது காணாது என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் இளைப்பாறுவதற்கு முன்பும் இப்படித் தேடி வந்தவர்கள் உண்டு. 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் புதுமுக வரவேற்பு விழாவில் கண்டி நடனம் சேர்ப்பது பற்றிய பிரச்சினை கைகலப்பாகிச் செய்தியானபோது நான் லீவில் இங்கே நின்றேன். ஒரு சிங்களத் தாய் மகனோடு ஓடிவந்தா. மகனுக்கு யாழ்ப்பாணத்தில் இடம் கிடைத்திருந்தது, அனுப்பவா விடவா என்று கேட்டா. நான் அவவுக்கு அரசியல் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிற எனக்குத் தெரிந்த ஒரு கிளாக்கரின் பெயரையும், அவருக்குக் கொடுக்கவென்று கந்தளாய்த் தயிர்ச் சட்டி ஒன்றையும் கொடுத்துவிட்டேன். தயிர் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. போனவுடனே அவரைத் தேடியே ஆகவேண்டும். மகனுக்கு இப்போது வவுனியாவில் வேலை, புதுவருடத்துக்குக் கொக்கிஸ் கொண்டுவருவான்.

தயிர்ச் சட்டி தூரப் பயணத்துக்குச் சரிவராது. இப்போது நான் கொடுப்பது ஆமைப்பூட்டு. எந்த விடுதிக்குப் போனாலும் அலுமாரிக்குப் பூட்டு வேண்டும், எந்தப் பிள்ளையும் அதைக் கொண்டுபோக யோசிக்காது. போன கிழமை ஒரு பிள்ளை வந்தாள், மாத்தறைக்குப் போகிறவள். தகப்பன் வயல் செய்கிறார், வீட்டில் மூத்தவள். போம் எல்லாம் அழகாக நிரப்பியிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தாள்.

"மிஸ், அங்க மழை கூடவோ?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தேன். அவள் போகும்போது பொழுதுபட்டுவிட்டது. உள்ளே போய்ப் பூட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு திறப்பு. ஒன்றை அவளிடம் கொடுத்து மற்றதை நான் வைத்துக்கொண்டேன்.

"இது இரவல்தான், மகள். முதல் லீவுக்கு வரேக்க கொண்டுவந்து தரோணும்."

"புதுசு ஒண்டு வாங்கித் தாறன், மிஸ்."

"புதுசு வேண்டாம். இதுதான் வேணும்."

சீ.ஆர். கொப்பியில் திகதியும் பூட்டு இலக்கமும் எழுதிக்கொண்டேன். சுவரில் ஆணியில் இன்னும் மூன்று பூட்டுத் தொங்குகிறது. பேராற்றுப் பொடியன் ஒருவன் ஒலுவில் கம்பசுக்குப் போகிறானாம், நாளைக்கு அசருக்குப் பிறகு உம்மாவோடு வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறான்.